திகுமு என்னும் மலை டெய்சியை வீட்டில் வளர்ப்பதும் பெருக்குவதும்

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாற்றுப்பண்ணையில் வாங்கி நட்ட திகுமுச் செடி, அதாவது நியூசிலாந்தின் வெள்ளியிலை மலை டெய்சி, இரண்டு குளிர்காலங்களையும் பழுதில்லாமல் கடந்துவிட்டு, இந்தக் கோடையில் நீங்கள் ஒரு நாளும் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் ஒரே வாரத்தில் நிறம் மங்கிச் சாய்ந்துவிட்டது. அடியில் ஒரு பக்கக்கன்று மட்டும் இன்னும் உயிரோடு இருப்பதாகத் தெரிகிறது. அதைக் காப்பாற்ற முடியுமா, செடி ஏன் செத்தது, இனிமேல் விதை போட்டு வளர்ப்பதா, கன்று பிரித்து வளர்ப்பதா என்பவை உங்கள் கேள்விகள். டனீடனில் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இந்தச் செடிகளோடு மல்லுக்கட்டி வருகிறேன்; வளர்த்தவற்றைவிடக் கொன்றவை அதிகம் என்பதே இதற்குப் பதில் சொல்ல எனக்குள்ள தகுதி.

முதலில் பக்கக்கன்றைப் பார்ப்போம், ஏனென்றால் அது காத்திருக்காது. முழுச் செடியையும் மண்ணோடு தோண்டியெடுத்து, மண்ணை உதிர்த்துவிட்டு, கன்று தாயோடு ஒட்டியிருக்கும் இடத்தைத் தேடுங்கள். வாழையடியில் சருகு சுற்றியிருப்பதுபோல, இந்தக் கன்றின் அடியையும் காய்ந்த இலையுறைகள் அடுக்கடுக்காகப் பொதிந்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கி உரித்துக்கொண்டே வந்தால், பென்சில் பருமனிலோ சுண்டுவிரல் பருமனிலோ வெளிறிய தண்டு தென்படும்; அதிர்ஷ்டம் இருந்தால் அந்தத் தண்டில் வியர்க்குருபோலச் சிறு புடைப்புகளும் இருக்கும், அவை வெளிவரக் காத்திருக்கும் வேர்கள். புதிய சவர பிளேடால் தண்டைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். முழுவதும் ஒரே வெளிர்நிறமாக இருந்தால் நல்லது. நடுவிலோ ஓரத்திலோ பழுப்பு வளையம் தெரிந்தால் அழுகல் மேலேறிவிட்டது என்று பொருள். பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, இன்னும் அரை சென்டிமீட்டர் மேலே வெட்டிப் பாருங்கள். பழுப்பு இலைக்கொத்துக்குள்ளேயே புகுந்திருந்தால் தயங்காமல் குப்பையில் போட்டுவிடலாம். இரண்டு சென்டிமீட்டராவது சுத்தமான தண்டு மிஞ்சினால் பிழைக்க வாய்ப்புண்டு.

அப்படி மிஞ்சிய கன்றின் வெளிவட்டத்துப் பெரிய இலைகளைக் கத்தரிக்கோலால் பாதியாகக் குறைத்து, உள்வட்டத்து இளம் இலைகளைத் தொடாமல் விட்டு, அடித்தண்டை வேர்விடும் தூளில் தொட்டெடுத்து, கழுவிய பருமணலும் பியூமிஸ் எனப்படும் எரிமலை நுரைக்கல்லும் சம அளவில் கலந்த சிறு தொட்டியில் நடுங்கள். தொட்டியை வீட்டின் தெற்குச் சுவரோரம் வையுங்கள். தெற்கு அரைக்கோளத்தில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து அடிப்பதால், இங்கே குளிர்ச்சியான பக்கம் தெற்குதான். ரோஜாப் பதியத்துக்குச் செய்வதுபோல் பிளாஸ்டிக் பையால் மூடிவிடாதீர்கள். இலையின் அடிப்பக்கத்து வெள்ளைப் பஞ்சு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்; மூடிய பைக்குள் நான்கே நாளில் அதில் சாம்பல் பூஞ்சணம் படர்ந்துவிடும். அடியிலிருந்து சூடேற்றும் தட்டும் தேவையில்லை. காலையில் மண் மட்டத்தில் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவே. வேர்விட இரண்டு மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். இடையில் பிடுங்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு புதிய வெள்ளிக்குருத்து நிமிர்ந்து வந்தால் அடியில் வேர் இறங்கியிருக்கிறது என்று அறியலாம். ஆரோக்கியமான செடியிலிருந்து கன்று எடுப்பவர்களுக்கும் இதே முறைதான். பூத்து முடிந்த பிறகு, பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரையிலான காலம் அதற்கு ஏற்றது. ஆகவே பருவம் உங்கள் பக்கம் இருக்கிறது.

இனி, செடி ஏன் செத்தது என்பது. உங்கள் செடியின் தாவரப் பெயர் செல்மிசியா செமிகார்டேட்டா. 1914-இல் டொனால்ட் பெட்ரி இப்பெயரை இட்டார். பழைய தோட்டக்கலை நூல்களில் இதே செடி செல்மிசியா கோரியேசியா என்ற பெயரில் வரும், குழம்பவேண்டாம். செல்மிசியா பேரினத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஆஸ்திரேலியாவின் மலைகளிலும் டாஸ்மேனியாவிலும் உள்ள சிலவற்றைத் தவிர, ஏனையவை நியூசிலாந்தை விட்டு வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. அவற்றில் உருவத்தில் பெரியது இதுதான். வாள்போன்ற இலை அரை மீட்டர் நீளம்வரை போகும்; மேற்பக்கத்தில் வெள்ளித்தாள் ஒட்டியதுபோன்ற மெல்லிய படலம், கீழ்ப்பக்கத்தில் நகத்தால் கீறினால் துணிபோல உரிந்துவரும் வெள்ளைப் பஞ்சு. இந்த உடையைப் பார்த்துவிட்டு, ஏதோ பனியிலிருந்து தப்பிக்கப் போர்த்துக்கொண்டிருக்கும் செடி என்று நினைத்து, குளிருக்கு அஞ்சி இதைப் பொத்திப் பொத்தி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். குளிர் இதைக் கொன்று நான் பார்த்ததில்லை. வெதுவெதுப்பான ஈரம்தான் கொல்கிறது.

ஆர்தர்ஸ் பாஸ் கணவாய்க்குப் போயிருப்பீர்கள். உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணிநேரக் கார்ப்பயணம். 920 மீட்டர் உயரத்தில் உள்ள அந்தக் கணவாயைச் சுற்றிய சரிவுகளில் திகுமு கொத்துக் கொத்தாக நிற்கும். அப்பகுதியில் ஆண்டு மழை 4,000 மில்லிமீட்டருக்கு மேல். கிறைஸ்ட்சர்ச்சில் ஏறத்தாழ 600. இந்தக் கணக்கைப் பார்ப்பவர், குறைந்த மழையை ஈடுகட்ட அதிகத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்றுதான் முடிவுக்கு வருவார். நீங்களும் வந்திருக்கிறீர்கள், நானும் ஒரு காலத்தில் வந்தேன். ஆனால் மலையில் பெய்யும் அந்த நீர் குளிர்ந்த நீர், அதுவும் கற்சல்லி நிறைந்த சரிவில் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் நீர். பத்து டிகிரி செல்சியஸ் நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 25 டிகிரியில் அது 8 மில்லிகிராம் அளவுக்குக் குறைந்துவிடும். அதே நேரம், வெப்பம் ஏற ஏற வேரின் சுவாசத் தேவை கூடிக்கொண்டே போகும். கொடுப்பது குறைந்து கேட்பது கூடும் அந்த இடைவெளியில், வண்டல் மண்ணில் தேங்கிய வெதுநீரில், திகுமுவின் வேர் மூச்சுத்திணறுகிறது. பைட்டோப்தோரா என்னும் வேரழுகல் நுண்ணுயிரிக்கோ அதே வெதுநீர்தான் திருவிழா. அதன் வித்துகள் மண்ணிடுக்கு நீரில் நீந்திச் சென்று வேர்நுனியைத் தொற்றும் தன்மை உடையவை.

இதில் ஏமாற்றுவது எதுவென்றால், வேர் அழுகிய செடி தண்ணீர் இல்லாத செடியைப் போலவே வாடும். நார்வெஸ்டர் காற்று வெப்பமாகவும் வறண்டும் அடிக்கும் ஒரு பிற்பகலில் இலைகள் தொய்ந்து வெள்ளி மங்கும்போது, மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்க்காமலேயே நாம் குழாயைத் திறந்துவிடுகிறோம். மாலை வெயிலில் சூடேறிய மண்ணில் ஊற்றிய அந்த நீர் இரவெல்லாம் வேரடியில் நிற்கிறது. என்னுடைய முதல் மூன்று செடிகளையும் அன்பின் பேரில் இப்படித்தான் கொன்றேன்.

ஆகவே அடுத்த செடிக்கு முன் இடத்தைச் சீர்செய்யுங்கள். பழைய குழியிலேயே மறுபடி நடவேண்டாம். அழுகல் நுண்ணுயிரி அங்கே உயிரோடு இருக்கும். நல்ல வெளிச்சமும் காற்றோட்டமும் வேண்டும், ஆனால் பிற்பகல் வெயில் வேரடி மண்ணில் விழக்கூடாது. வீட்டின் தெற்கு அல்லது தென்கிழக்குப் பக்கம், மரநிழல் விழாத திறந்தவெளி, பொருத்தமாக இருக்கும். தரை மட்டத்தைவிட முப்பது நாற்பது சென்டிமீட்டர் உயர்த்திய பாத்தி கட்டி, அதில் பாதிக்குப் பாதி பியூமிஸ் அல்லது ஆற்றுச் சல்லியும், மீதியில் சலித்த மரப்பட்டைத்தூளும் கொஞ்சம் தோட்டமண்ணும் கலந்து நிரப்புங்கள். சுண்ணாம்புக்கல் சல்லியைத் தவிர்த்துவிடுங்கள். சற்றுப் புளிப்பான மண்ணுக்குப் பழகிய செடி இது. செடியின் கழுத்தைச் சுற்றி மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குக் கற்சல்லி பரப்புவதும், வடக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தட்டைக்கல்லைப் பாதி புதைத்து வைப்பதும் அலங்காரத்துக்காகச் செய்வதல்ல. கல்லுக்குக் கீழே கையை நுழைத்துப் பாருங்கள், கோடை நண்பகலிலும் அந்த மண் சில்லென்று இருக்கும். ஓரிரு ஆண்டில் திகுமுவின் வேர்கள் அந்தக் கல்லடிக்கே போய்ச் சேர்ந்துவிடும். தண்ணீரை விடியற்காலையில், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, அடிவரை இறங்கும்படி ஊற்றுங்கள். கோழி எருவும் வீரியமான உரங்களும் வேண்டவே வேண்டாம். ஊட்டம் மிகுந்தால் இலை கொழுத்து மென்மையாகி, முதல் வெப்ப அலையிலேயே விழுந்துவிடும்.

விதையா, கன்றா என்ற கேள்விக்கு என் பதில் சந்தேகமில்லாமல் விதைதான், கன்றில் உள்ள வசதிகளை மறுக்காமலே இதைச் சொல்கிறேன். கன்று என்பது தாயின் நகல். குளிர்ந்த மலைச்சரிவில் பிறந்த தாய்க்கு உங்கள் தோட்டத்து வெப்பம் ஒவ்வாது என்றால், கன்றுக்கும் ஒவ்வாது. விதையிலிருந்து இருபது நாற்று வளர்த்தால் இருபதும் வெவ்வேறு. முதல் இரண்டு கோடைகளில் அவற்றில் பன்னிரண்டு செத்துப்போகலாம், ஆனால் எஞ்சுபவை உங்கள் மண்ணும் உங்கள் வெப்பமும் தேர்ந்தெடுத்தவையாக இருக்கும். என் பாத்தியில் இன்று நிற்கும் நான்கு பெரிய கொத்துகளும் ஒரே விதைத்தட்டில் இருந்து வந்தவை. விலை கொடுத்து வாங்கிய செடி ஒன்றுகூட அவற்றில் இல்லை.

விதை விஷயத்தில் பலர் இடறுவது மூன்று இடங்களில். முதலாவது, சொத்தை. திகுமுவின் பூ டிசம்பர், ஜனவரியில் மலர்ந்து, ஜனவரி கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் விதை முற்றும். நம் ஊர் வெட்டுக்காயப் பூண்டின் விதையைப்போலவே இதற்கும் தலையில் முடிக்குஞ்சம் உண்டு, காற்றில் பறக்கும். இரண்டும் ஒரே குடும்பம்தானே. குஞ்சம் நன்றாக விரிந்திருப்பதைப் பார்த்து எல்லாம் நல்ல விதை என்று நம்பிவிடக்கூடாது, ஏனென்றால் கருவே இல்லாத விதையும் அதே அழகோடு குஞ்சம் விரிக்கும். இருபது முப்பது விதைகளை வெள்ளைத்தாளில் கொட்டி, ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையில் மெல்ல அழுத்திப் பாருங்கள். நல்ல விதை நெல்மணிபோல எதிர்த்து நிற்கும். சொத்தை பதர்போல மடங்கும். தனியாக நிற்கும் ஒரே செடியில், அல்லது ஒரே தாயிலிருந்து பிரித்த கன்றுகள் மட்டுமே உள்ள தோட்டத்தில், பதரே மிகுதியாக இருக்கும். நல்ல விதை கட்டுவதற்கு மரபால் வேறான இரண்டு செடிகளாவது அருகருகே பூக்கவேண்டும். பூவடியைப் பிளந்து பார்த்தால் சிலவற்றில் விதையைத் தின்னும் சிறு புழுக்களும் இருக்கும், அந்தப் பூவை அப்படியே ஒதுக்கிவிடவேண்டும்.

இரண்டாவது, தாமதம். திகுமு விதையை உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, வசதிப்பட்டபோது விதைக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். அதன் முளைதிறன் விரைந்து குறையும். உலர்ந்த ஒரு பிற்பகலில், பூவை விரல்களால் பற்றி லேசாக இழுத்தாலே குஞ்சத்தோடு கையில் வரும் பக்குவத்தில் விதையைச் சேகரித்து, அந்த வாரமே விதைத்துவிடுங்கள். விலைக்கு வாங்குவதானால், எந்த ஆண்டு, எந்த மாதம் எடுத்த விதை என்று கேட்டு வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்கவேண்டாம். உடனே விதைக்க வழியில்லை என்றால், உலர்த்திக் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது சில மாதங்களுக்குத் தாங்கும்.

மூன்றாவது, பொறுமையின்மை, அதைக் கடைசியில் சொல்கிறேன். விதைக்கும் முறையில் சூட்சுமம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஏழெட்டு சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டியில் சலித்த பட்டைத்தூளும் நுண் பியூமிஸும் சமமாகக் கலந்து நிரப்பி, தொட்டியைத் தண்ணீரில் நிறுத்தி அடியிலிருந்து ஈரமேற்றி, விதைகளைக் குஞ்சம் மேலே இருக்குமாறு மேற்பரப்பில் சாய்வாகப் படுக்கவைத்து, அவை மறைந்தும் மறையாமலும் இருக்கும் அளவுக்கு நுண்சல்லி தூவினால் போதும். கோழிவலை மூடிய ஒரு பெட்டிக்குள், வெயில் படாத திறந்தவெளியில் தொட்டியை வையுங்கள். வீட்டுக்குள் சன்னலோரம் வைக்கவேண்டாம். இரவின் குளிர் அதற்குத் தேவை. சில விதைகள் மூன்று நான்கு வாரத்தில் முளைக்கும், மீதி குளிர்காலத்தைப் படுத்துக் கழித்துவிட்டு செப்டம்பரில் எழுந்திருக்கும். இரண்டு மூன்று உண்மையான இலைகள் வந்ததும் வேரைக் குலைக்காமல் தனித்தனிச் சிறுதொட்டிக்கு மாற்றிவிடுங்கள், ஏனென்றால் பெரிதானபின் வேர் கலைவதை இந்தச் செடி மன்னிப்பதில்லை. நத்தைகள் ஓர் இரவில் தட்டு முழுவதையும் மேய்ந்துவிடும் என்பதால், தொட்டிகளைத் தரையில் வைக்காமல் மேடையில் வைப்பது நல்லது. முதல் ஆண்டு முடிவில் நாற்று ஒரு தீப்பெட்டி உயரம் இருந்தால் நன்றாக வளர்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பூவைக் காட்ட நான்கைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டன.

ஒன்றுக்கு மேற்பட்ட செல்மிசியா இனங்கள் உள்ள தோட்டத்தில் எடுத்த விதை தாயைப்போலவே வரும் என்று எதிர்பார்க்கவேண்டாம். இவை தங்களுக்குள் தாராளமாகக் கலக்கும். ஸ்காட்லாந்தில் ஏவிமோர் அருகே உள்ள இன்ஷ்ரியாக் நாற்றுப்பண்ணையின் பெயரால் வழங்கும் செல்மிசியா கலப்பினங்கள் அப்படிக் கலந்து உருவானவைதாம். தோட்ட அழகுக்கு அவை சிறந்தவை, தூய செடிகளைவிடப் பிழைக்கும் திறனும் சிலவற்றுக்கு அதிகம். ஆனால் அத்தகைய நாற்றை மலையிலோ மீள்நடவுத் திட்டத்திலோ கொண்டுபோய் நடக்கூடாது. அங்கே அந்தச் சரிவின் விதையே வேண்டும்.

விதைக்காக நீங்களே ஆர்தர்ஸ் பாஸுக்குக் கிளம்பிவிடாமல் இருக்க இதையும் சொல்லிவிடுகிறேன். அது தேசியப் பூங்கா. பாதுகாக்கப்பட்ட பொது நிலங்களிலிருந்து செடியையோ விதையையோ எடுக்க, இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதி வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்க, திகுமுவுக்கு உரியவர்கள் இருக்கிறார்கள் என்ற நினைவும் வேண்டும். தெற்குத் தீவின் மாவோரி மக்கள் இந்த இலைகளைக்கொண்டு மழைக்காப்பு மேலாடைகளும், ஈட்டிப்புல் குத்தும் மலைவெளியில் நடப்பதற்கான காலுறைகளும் செய்தனர். ஙாய் தாஹு என்பது தெற்குத் தீவின் மாவோரிக் குலம்; 1998-ஆம் ஆண்டின் ஙாய் தாஹு உரிமைத் தீர்வுச் சட்டத்தில் அக்குலத்தாரின் அருஞ்செல்வமாகக் குறிக்கப்பட்ட தாவரங்களின் பட்டியலில் திகுமுவும் இருக்கிறது. உள்நாட்டுத் தாவர நாற்றுப்பண்ணைகளும், ஆல்பைன் (உயர்மலைச் செடி) தோட்டக்காரர்களின் சங்கங்கள் நடத்தும் விதைப் பரிமாற்றங்களும் போதுமான விதையைத் தரும்.

திகுமுவே வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால், உங்கள் ஊருக்கு இன்னும் பொருத்தமான இரண்டு உறவினர்கள் உண்டு. ஒன்று செல்மிசியா மக்காவி. உங்கள் வீட்டுக்குப் பின்னால் தெரியும் பேங்க்ஸ் தீபகற்பத்தின் ஈரப்பாறைச் சரிவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத இனம். வெள்ளிப்பஞ்சு கிடையாது, இலை பச்சையாக வழவழவென்று இருக்கும், ஆனால் தாழ்நில வெப்பத்துக்குப் பழகியது. மற்றொன்று செல்மிசியா ஸ்பெக்டாபிலிஸ். உங்கள் ஊர் இருக்கும் கான்டர்பரிப் பகுதியின் வறண்ட மலையடிவாரங்களில் பரவி நிற்பது, இந்தக் குடும்பத்திலேயே முரட்டு உடம்பு அதற்குத்தான். தொடங்குபவர் கை பழகுவதற்கு செல்மிசியா பெல்லிடியாய்டிஸையும் சொல்வேன். ஓடைக்கரைக் கற்களில் பாய்போலப் படர்ந்து, வல்லாரையைப்போல் கணுவுக்குக் கணு வேர்விடும் சிறுசெடி அது. வேரோடு ஒரு துண்டைக் கிள்ளி ஈரச்சல்லியில் வைத்தால் அநேகமாகப் பிழைத்துக்கொள்ளும்.

உங்கள் திகுமு கொத்தாகப் பெருகிய பின், அதைக் கோடாரியால் பிளந்து பிரிக்கும் யோசனை வந்தால், அதற்குப் பதில் பதியன் போடுங்கள். வயதான கொத்தில் தண்டுகள் காலப்போக்கில் மண்ணைவிட்டு எழும்பி, சருகு மூடிய வெற்றுக்கழுத்தாக நிற்கும். சருகைக் களைந்து, மணலும் பட்டைத்தூளும் கலந்த சல்லிமண்ணை அந்தக் கழுத்துகளுக்கு இடையில் வசந்தத்தில் திணித்து மூடிவிட்டால், அடுத்த இலையுதிர்காலத்துக்குள் பல தண்டுகள் தாயைச் சார்ந்திருந்தபடியே சொந்த வேர் விட்டிருக்கும். ஒன்றிரண்டை மட்டும் வெட்டியெடுத்து நட்டுக்கொள்ளலாம், தாய்க்கும் சேதமில்லை.

விட்டுவைத்த மூன்றாவது விஷயம். விதைத்த தொட்டியில் முதல் வசந்தத்தில் ஒன்றும் முளைக்கவில்லை என்று மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். பாசி படர்ந்தால் மேலாகச் சுரண்டிவிட்டு, புதுச்சல்லி தூவி, தேதியெழுதிய சீட்டோடு அதே நிழலில் இன்னொரு குளிர்காலம் வையுங்கள். இரண்டாம் அக்டோபரிலும் பச்சை தென்படவில்லை என்றால் அப்போது கொட்டலாம். அந்த மண்ணையும் வீணாக்காமல் பாத்தியின் மேல் பரப்பிவிடுங்கள், அதிலிருந்தும் ஒரு நாற்று எனக்கு வந்திருக்கிறது.